கிலோமீட்டர் கணக்கு

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
பெட்ரோல் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.
சித்திரையிலிருந்து உதைத்தது.
காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஆறு நடை,
அதற்கு ஓட வேண்டியதற்கு மேல்
முப்பது கிலோமீட்டர்
தினம் எங்கேயோ போய்வந்தது ஆட்டோ.

எங்கேயோ என்றால்
பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்?
விருதம்பட்டில் பச்சை கேட் போட்ட ஒரு வீட்டை
நானே கட்டி, அதில் ஒருத்தியைக்
குடியும் வைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை
தங்கச்சி வீட்டுக்கு என்று பொய் சொல்லிப்
பின்சீட்டில் ஏறினேன்.
பாலாற்றுப் பாலம் இறங்கியதும் ஒரு வேகத்தடை.
தூக்கிப் போட்டது.
அவர் இடது கண்ணாடியைப் பார்த்தார்.
வலது கண்ணாடியை. மறுபடி இடது.
சில்க் மில் தாண்டி வண்டியைத் திருப்பினார்.

"இன்னாங்க?"
"எது மேலயோ ஏறிச்சு."
"ஸ்பீடு பிரேக்கர்ங்க."
"தெரியும்."
தெரியும் என்று சொல்லிக்கொண்டே இறங்கி
குனிந்து பார்த்தார்.
தார். மஞ்சள் பெயின்ட். நசுங்கிய ஒரு டீ கப்.
ஏறினோம். சில்க் மில் வந்தது.
"இப்ப திருப்பும்போது யாரையாவது..."
திருப்பினார்.

பச்சை கேட் வீடு அன்றைக்கு இடிந்தது.
அதுவே இருந்திருக்கலாம் என்று
இரண்டு நாள் அழுதேன்.

சோற்றில் கை வைத்தபடி ஒருநாள் சொன்னார்.
நாலு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, விடியாத மூன்று மணி, மழை.
ரயிலுக்குப் போகிற சவாரி.
ஓரத்தில் ஒரு மூட்டை.
லாரியிலிருந்து விழுந்ததாக்கும் என்று
ஒடித்து ஒதுங்கிப் போய்விட்டார்.
மூட்டைக்கு ஒரு கை இருந்ததை
பெட்ரோல் பங்க் தாண்டிய பிறகுதான்
கண் அவருக்குச் சொன்னது.
"டிரெய்ன் போயிடும்பா" என்றார் சவாரிக்காரர்.

இடித்தது யாரோ.
காலையில் டீக்கடையில் ஒருவர் சொன்னாராம்,
நாலு மணி வரைக்கும் உசிர் இருந்துச்சாம் என்று.
டீக்கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள்.
இவருக்குள் அந்த ஒரு மணி நேரம்
இன்னும் முடியவில்லை.

அப்புறம் நான் அவருடைய மூன்றாவது கண்ணாடி ஆனேன்.
ஓடைப் பிள்ளையாரிலிருந்து போன்.
கிரீன் சர்க்கிளிலிருந்து போன்.
"யாருமில்லங்க, நீங்க வாங்க" என்பேன்.
பையன் தலையில் கை வைத்தும் சொன்னேன்.
முதலில் ஒரு 'இல்லை' ஒரு நாள் தாங்கியது.
பிறகு ஒரு நடை.
பிறகு ஒரு தெரு.

பாகாயம் ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண்.
மாத்திரை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி,
"இனிமேல் அவருக்கு நீங்க பதில் சொல்லக்கூடாது" என்றாள்.
கூரை எரிகிறது,
குடத்தைக் கவிழ்த்து வை என்கிறாளே என்று
வாய்க்குள் திட்டினேன்.

அன்று ராத்திரி ஒன்பதே முக்கால்.
"ஒரே ஒரு தடவ சொல்லிடு, துளசி."
பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது.
நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.
"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.
இருபத்தைந்து வருஷத்தில்
இத்தனை கொடுமையாக நான் எதுவும் பேசியதில்லை.
டிக் டிக். டிக் டிக்.
பிறகு கியர் விழும் சத்தம்.
எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை.

நோட்டில் அன்றைக்கு இருபத்திரண்டு.
மறுநாள் பதினேழு.
ஆடி முழுக்க இருபத்தெட்டு, முப்பத்தொன்று.
ஆவணியில் ஒன்பது.

நேற்று தாமதமாக வந்தார். நான் கேட்கவில்லை.
கால் கழுவிக்கொண்டே அவராகச் சொன்னார்:
அலமேலுமங்காபுரம் பக்கம் ஓரத்தில் ஒரு மூட்டை.
பின்னால் சவாரி கத்தியிருக்கிறது.
நிறுத்தி, இறங்கி, தொட்டுப் பார்த்திருக்கிறார்.
வெங்காயம்.

சிரித்தோம். பையன்கூட எழுந்துவிட்டான்.
விளக்கை அணைத்த பிறகும் யோசிக்கிறேன்:
இறங்கிப் பார்த்தது நோயா,
மனுஷனா?
நோட்டில் இதை
எந்தக் கணக்கில் எழுத?